பையைக் காத்துக்கொண்டு கரையில் உட்கார வேண்டாம்

கேள்வி: விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஒரு வெப்பமண்டலத் தீவுக்கு ஆறு நாள் போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 7 வயது மகள், 66 வயது மாமியார். கணவரும் மகனும் சேர்ந்து ஸ்கூபா, ஜெட் ஸ்கீ, பாராசெய்லிங், கயாக், மலையேற்றம் என்று 19 அயிட்டங்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. மாமியாருக்கு முழங்கால் வலி. போன தடவை கடற்கரையில் எல்லாருடைய செருப்பையும் பையையும் காத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவையும் அப்படித்தானா? எங்கள் ஐந்து பேருக்கும் பொருந்துகிற மாதிரி வெளியில் என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது அந்தச் செருப்பும் பையும்தான் மனதில் நின்றன. முதலில் அதற்கு வழி செய்துவிடுவோம். வாயைச் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரை பேக் என்று கேட்டால் கொடுப்பார்கள். போன், சாவி, கொஞ்சம் பணம் எல்லாம் அதற்குள். தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம். செருப்புக்குப் பதிலாக எல்லாருக்கும் தண்ணீரில் போடுகிற ரப்பர் அடி ஷூ. அது காலிலேயே இருக்கும், காவலுக்கு ஆள் தேவையில்லை. மீதிச் சாமான் அறையிலேயே கிடக்கட்டும்.

அடுத்து அந்தப் பட்டியல். ஜெட் ஸ்கீ, பனானா போட், பாராசெய்லிங் எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிறவை. மகன் ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளட்டும், மற்றதை அடித்துவிடச் சொல்லுங்கள். தீவில் மட்டுமே கிடைப்பதற்கு ஆறு நாள் உண்மையிலேயே போதாது. அதில் முக்கால்வாசியைப் பார்க்க உங்களுக்கு நீச்சல் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இடுப்பளவு தண்ணீர் போதும், சரியான நேரத்தில் போனால்.

அந்த நேரத்தைக் கடல்தான் சொல்லும். தீவில் இறங்கியதும் முதல் வேலையாகத் தங்குமிடத்தில் ஓத அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று நாள்வாரியாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 7 மணிக்கு வற்றுகிற கடல், ஆறாம் நாள் 11 மணியைத் தாண்டித்தான் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிறைய ஏறும், நிறைய வற்றும். அஷ்டமி வாக்கில் இரண்டுமே குறைவு. இதெல்லாம் தெரியாமல் நான் முதல் தடவை ஒரு தீவுக்குப் போனபோது, பவளப்பாறையைப் பார்க்கும் ஆசையில் உச்சிவெயிலில் போய்க் கணுக்கால் தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அதே இடத்தில் மறுநாள் காலை ஏற்றத்தில் முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் தெரிந்த உலகம் வேறு.

வெயிலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் நண்பகலை ஒட்டிப் புற ஊதாக் குறியீடு (வெயில் தோலைச் சுடுகிற கடுமையின் அளவு) சர்வசாதாரணமாக 11-ஐத் தாண்டும். அந்த அளவுகோலில் அதுதான் கடைசிப் படி. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுகிற நேரம் முழுக்க மரத்தடியில் இருங்கள் (தென்னை மரத்தடி வேண்டாம், காய் விழும்). கடலும் பெரும்பாலும் காலையில்தான் அடங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பிவிடும். ஆகவே தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் விடிந்ததிலிருந்து 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மாலை 4 மணிக்கு மேல் மறுபடி வெளியே வரலாம். ஒரு கரையில் அலை முரட்டுத்தனமாக இருந்தால் தீவின் மறுபக்கம் காற்று மறைவில் அமைதியாக இருக்க வாய்ப்புண்டு. இதையும் அங்கிருப்பவர்களிடம் தினம் காலையில் கேளுங்கள்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் ஸ்நார்கெலிங் செய்யுங்கள். கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கும் வாயில் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, மேலே மிதந்தபடியே தண்ணீருக்குள் பார்ப்பதுதான் அது. வேண்டுகோளாகவே வைக்கிறேன். பவளப்பாறைகள் கடல் தரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் கால்வாசி அவற்றை அண்டித்தான் வாழ்கின்றன. அவ்வளவும் பல இடங்களில் உங்கள் இடுப்புக்குக் கீழே இருக்கும்.

முதல் நாள் பவளப்பாறைப் பக்கமே போக வேண்டாம். பாறைத்திட்டுக்கு உள்பக்கம், அலை வராத, அடியில் வெறும் மணல் இருக்கிற இடமாகப் பாருங்கள். மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் உங்கள் அளவு அதுதான். விழுந்தால் வேறு கேளுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் உமிழ்நீரைத் தடவி ஒருமுறை அலசினால் ஆவி படியாது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே குனிந்து முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வையுங்கள். முதல் நாலைந்து மூச்சு பதற்றமாகத்தான் வரும். தண்ணீருக்குள் முகம் போனதும் மூச்சைப் பிடித்தே பழகியவர்கள் நாம். வாயால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். குழாயில் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அந்தச் சத்தம் ஒரே சீராக வர ஆரம்பித்த பிறகு காலைத் தூக்கி மிதக்கவிடுங்கள். கை கணவர் கையில் இருக்கட்டும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம், ஒரு காலை முழுவதும் ஆகலாம். யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள், கடல் ஏறி நிற்கிற நேரத்தில், வழிகாட்டி ஒருவரோடு பவளப்பாறை ஓரம் போங்கள். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால் பங்கு பக்கத்தில் தெரியும். அதனால் ஆழம் குறைவு என்று நம்பிக் காலை ஊன்ற முயலாதீர்கள். அசையாமல் மிதந்தால் கறுக் மொறுக் என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிற சத்தம் அது. பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் அரைத்து விழுங்கி, பின்னால் வெள்ளை மணலாக விட்டுக்கொண்டே போகும். பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி உண்டாக்கும். பல தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு அந்த வகையில் வந்ததுதான். இதை மகளிடம் கடற்கரையில் வைத்தே சொல்லுங்கள். ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

பவளத்தைத் தொடாதீர்கள், அதன் மேல் நிற்காதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். பாறை மாதிரி உருண்டு நிற்கும் பவளம் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்வதே அதிகம். ஒரு மிதியில் உடைவது பல வருடத்து வளர்ச்சி. முதுகு வெந்துபோகாமலிருக்க முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதைவிட அது மேல். பூசுவதானால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலக்காததாகப் பாருங்கள். பவளத்தைக் காப்பாற்ற பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் இவற்றுக்குத் தடை கொண்டுவந்தன.

மாமியாருக்கும் மகளுக்கும் கடல் வற்றுகிற நேரம்தான் கொண்டாட்டம். தண்ணீர் விலகிய பாறைக் குழிகளில் சிறு மீன்கள், கடல் அட்டை, நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் சிக்கி நிற்கும். ஒரு மடக்கு நாற்காலியைக் குழி ஓரம் போட்டு அத்தையை உட்காரவைத்தால், முழங்காலுக்குச் சிரமம் இல்லாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். வெறும் பாறையிலும் மணலிலும் மட்டும் நடங்கள். கூம்பு வடிவத்தில் பூவேலை போட்ட மாதிரி இருக்கும் சங்கை யாரும் கையில் எடுக்கவே கூடாது. உள்ளே உயிர் இருந்தால் அது கொட்டும், சில வகைகளின் விஷம் ஆளைக் கொல்லும். மணல் கலங்கிய தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும்.

மாலையில் துறவி நண்டுகளைத் தேடுங்கள். காலிச் சங்கைச் சுமந்துகொண்டு திரிகிற நண்டு இது. வளர வளரப் பெரிய சங்குக்கு மாற வேண்டும். ஒரு சாயங்காலம் பெரிய காலிச் சங்கு ஒன்றின் பக்கத்தில் ஏழெட்டு நண்டுகள் கூடி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசை கட்டி நின்றதைப் பார்த்தேன். முதல் நண்டு சங்கைக் கொடுக்கால் தடவித் தடவி அளந்தது. சட்டென்று தன் வீட்டைவிட்டு வெளியே வந்து, மென்மையான பின்னுடலைப் புதுச் சங்குக்குள் செருகிக்கொண்டது. அது விட்டுவைத்ததில் அடுத்தது, அடுத்தது விட்டதில் அதற்கடுத்தது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் வீடு மாறிவிட்டன. கடைசியில் ஒரு குட்டிச் சங்குதான் மிச்சம். அன்றிலிருந்து எந்தக் கடற்கரையிலும் நான் சங்கு பொறுக்குவதில்லை. உங்கள் பிள்ளைகளையும் பொறுக்க விடாதீர்கள், படம் எடுத்துக்கொள்ளட்டும்.

மகனுக்குக் கயாக் சரி. அலையாத்திக் காடு இருந்தால் ஏற்றத்தின்போது உள்ளே போங்கள். வற்றினால் சேற்றில் மாட்டிக்கொள்வீர்கள். திறந்த கடல் ஓரமாகப் போனால் முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுப் போய், களைத்துத் திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கிற நாளில் இறங்கவே வேண்டாம்.

காற்று உருளையை முதுகில் மாட்டிக் கடலுக்கடியில் நீந்துகிற ஸ்கூபாவுக்குக் கணவரும் மகனும் போகலாம். முதல் தடவையாகப் பயிற்றுநரோடு இறங்குகிற அறிமுக டைவுக்குப் பொதுவாக 10 வயது நிரம்பியிருக்க வேண்டும், 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போக மாட்டார்கள். சளி பிடித்திருந்தால், ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. இதை முதல் மூன்று நாட்களுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். டைவிங் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறச் சொல்கிறது. உயரமான மலைக்கும் இதே எச்சரிக்கைதான். மலையேற்றத்தை டைவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அருவியில் குளிக்கும்போது தண்ணீர் திடீரெனக் கலங்கினால், மேலே மழை என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

ஒரு விஷயத்தை ஐந்து பேருக்கும் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லுங்கள். அலை உடைகிற கடற்கரையில், இரண்டு பக்கமும் நுரைத்து நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிகிற இடம் குளிக்க வசதியான இடம் மாதிரி இருக்கும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் பாய்கிற இடம் அது. அதில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம். கடல் வற்றும்போது பவளத்திட்டின் இடைவெளிகளிலும் இதே இழுப்பு உண்டு. திருக்கையோ, கல் மாதிரியே கிடக்கிற விஷமுள் கொண்ட கல்மீனோ குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். கடலில் சொறிமீன் (ஜெல்லி மீன்) மிதக்கிறதா என்பதை இறங்கும் முன் உயிர்காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவையும் வீணாக்காதீர்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற தீவு என்றால் மகனிடம் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லுங்கள். கையை நீட்டி மடக்கிய முஷ்டி வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் எத்தனை முஷ்டி உயரமோ, அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நீங்கள் நிற்கிற அட்சரேகை. ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போங்கள். வெள்ளை விளக்கும் ஃப்ளாஷும் கூடவே கூடாது. வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி நடந்துவிடும்.

பயணத் தேதிகளைக் காலண்டரில் ஒருமுறை பாருங்கள். அமாவாசைப் பக்கம் அமைந்தால், இருட்டியதும் மகளைக் கூட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று கையால் அளைந்து பாருங்கள். ஒற்றைச் செல் நுண்ணுயிர்கள் நிறைந்த கடலாக இருந்தால் விரலைச் சுற்றி நீலமாக ஒளிரும். பௌர்ணமிப் பக்கம் என்றால் நட்சத்திரமும் இந்த ஒளியும் மங்கிவிடும். அப்போது, கடல் வற்றியிருக்கிற இரவில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடங்கள். இறுகிய மணல் முழங்காலுக்குச் சுகமாக இருக்கும், விளக்கும் தேவைப்படாது.