வலை இல்லாத ரிங்கும் எதிரணிப் பள்ளியின் ரெஃப்ரியும்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளி பாஸ்கெட்பால் டீமுக்கு கேப்டன். எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்குப் பக்கம். இவள் அப்பா வல்லத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர். போன மாதம் நடந்த போட்டியில் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றுவிட்டார்கள். மூன்றாவது குவார்ட்டரில் அவள் போட்ட பந்து ரிங்குக்குள் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ரெஃப்ரி கொடுக்கவில்லை. கடைசி குவார்ட்டரில் ஐந்தாவது ஃபவுல் என்று வெளியே அனுப்பினார்கள். நான் எண்ணியது நாலுதான். அந்த ஐந்தாவதும் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றதற்கு. முதலில் இரண்டு ரெஃப்ரி இருந்தார்கள், பாதியில் ஒருவரைப் பக்கத்து வாலிபால் ஆட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர் எதிர் டீம் பள்ளியிலேயே வேலை பார்க்கும் பி.டி. சார். இவள் அப்பா கிரவுண்டுக்குள் போய்ச் சத்தம் போட, அது வேறு பிரச்சினையாகிவிட்டது. மகள் 'இனிமேல் போகவே மாட்டேன்மா' என்கிறாள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மனு கொடுங்கள். ஆனால் பந்து உள்ளே போனதா இல்லையா, அந்த ஃபவுல் சரியா தப்பா என்று எழுதாதீர்கள், அது நிற்காது. எதிரணிப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவர் கையில் அந்த ஆட்டத்தின் விசில் எப்படிப் போனது, ஆட்டம் நடக்கும்போதே இரண்டாவது ரெஃப்ரியை ஏன் எடுத்தார்கள் என்று எழுதுங்கள். அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தக் கடற்கரையில் 26 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நான் விசில் ஊதாத மைதானம் குறைவு. அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது உங்கள் பக்கத்திலிருந்தும் பார்த்தேன், அந்த சார் நின்ற இடத்திலிருந்தும் பார்த்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்தாவது ஃபவுல். கையைத் தூக்கி நின்றாள் என்கிறீர்கள். விதிப்படி ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் அவள் நிற்கிற இடமும் அதற்கு நேர் மேலே உள்ள காற்றும் சொந்தம். கையை நேராகத் தூக்கியிருந்தால், ஏன், நேராக மேலே குதித்திருந்தாலும்கூட, எதிராளி வந்து மோதியதற்கு இவள் பொறுப்பில்லை. அதே கை ஒரு சாண் முன்னால் சாய்ந்திருந்தால் ஃபவுல். அந்த ஒரு சாணைப் பார்க்க ரெஃப்ரி இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் நிற்க வேண்டும், இருவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும், மோதிய சத்தம்தான் கேட்கும். இரண்டு ரெஃப்ரி இருந்தால் ஒருவர் ரிங்குக்குக் கீழே எல்லைக்கோட்டில் நிற்பார், இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால் வருவார், ஒருவருக்கு மறைவது மற்றவருக்குத் தெரியும். ஒரே ஆள் என்றால் 28 மீட்டர் கோர்ட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வேகமாகப் பந்து திரும்பும்போதெல்லாம் அவர் பின்தங்கித்தான் இருப்பார். 1891-ல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஆளைப் பார்க்க அம்பயர், பந்தைப் பார்க்க ரெஃப்ரி. ஒரு ஆளால் இரண்டையும் பார்க்க முடியாது என்பது ஆட்டம் பிறந்த அன்றே தெரிந்த விஷயம்.

நம் பக்கத்தில் போட்டி எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். குறுவட்டப் போட்டி பெரும்பாலும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வரும். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு பத்து மணிக்குள் பாதி மண்ணுக்குள் போயிருக்கும், சிமெண்டு தரையில் மணல் படிந்து பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். அந்த வெயிலில் ஒரே பி.டி. டீச்சர் காலையிலிருந்து நாலு மேட்ச், ஐந்து மேட்ச் ஊதுவார், நடுவில் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கித் தர ஓடுவார். மூன்று ரெஃப்ரி, வீடியோ எல்லாம் இருக்கிற அமெரிக்க என்.பி.ஏ.விலேயே, நெருக்கமான ஆட்டங்களில் கடைசி இரண்டு நிமிடத்தில் ரெஃப்ரிகள் எதை விட்டார்கள், எதைத் தப்பாக ஊதினார்கள் என்று 2015-லிருந்து அவர்களே அறிக்கை போடுகிறார்கள். நான் தப்பை நியாயப்படுத்தவில்லை, சகோதரி. தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

அந்தக் கொடுக்காத பாயிண்டு. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் அடித்துச் சொல்வேன், அந்த ரிங்கில் வலை இருந்திருக்காது. எனக்கே நடந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு செமி ஃபைனல், உப்புக்காற்றில் ரிங் துருவேறி, வலை மாட்டும் கொக்கிகளில் பாதி உதிர்ந்து, வலை இருந்த அடையாளமாக ஒரே ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை பக்கவாட்டிலிருந்து தூரமாக நின்று போட்டாள். நான் எதிர்ப்பக்கம். பந்து ரிங்குக்குப் பின்னால் போய்க் கீழே விழுந்த மாதிரிதான் என் கண்ணுக்குப் பட்டது, 'இல்லை' என்று கையசைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஒன்றுமே பேசவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்து, எதிர் டீம் பிள்ளை ஒருத்தி வந்து மெதுவாக, 'மிஸ், அது உள்ளதான் மிஸ் போச்சு' என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வலை என்பது அழகுக்குக் கட்டுவது இல்லை. பந்து உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் அதைப் பிடித்து நிறுத்தத்தான் விதியிலேயே வலை சொல்லியிருக்கிறது, அந்த அசைவைத்தான் ரெஃப்ரி பார்க்கிறார். வலை பின்னுகிற ஊர்களில், வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்து கண்ணி போடுகிற ஊர்களில், பள்ளிக்கூட ரிங் மட்டும் மொட்டையாகத் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஐந்தா நாலா என்ற கணக்குக்கு வருவோம். நீங்கள் சொல்வதிலேயே உண்மையில் கையில் பிடிக்க முடிகிற விஷயம் இதுதான், ஆனால் அதற்கான நேரம் அன்றைக்கே முடிந்துவிட்டது. ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஐந்து கட்டம் இருக்கும், ரெஃப்ரி விரலால் காட்டுகிற நம்பரைப் பார்த்து டேபிளில் இருக்கிறவர் எழுத வேண்டும், எத்தனையாவது ஃபவுல் என்று எண் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஐந்துக்கு மட்டும் சிவப்பு. நம் ஊரில் டேபிளில் உட்காருவது பெரும்பாலும் ஒன்பதாவது படிக்கிற ஏதோ ஒரு பிள்ளை. காற்றில் ஷீட் பறக்காமல் ஒரு கையால் கல்லை அழுத்திக்கொண்டு மறுகையால் எழுதும். ரெஃப்ரி ஓடிக்கொண்டே நாலு விரலைக் காட்டினால் அது நாலாம் நம்பரா பதினாலா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாரோ செய்த ஃபவுல் உங்கள் மகள் பெயருக்கு நேரே ஏறியிருக்கலாம். எண்ணியதில் உங்களுக்கே ஒன்று விட்டும் போயிருக்கலாம்.

இதைச் சரி செய்ய வழி இருக்கிறது, அது உங்கள் மகள் கையில் இருக்கிறது, ஏனென்றால் அவள் கேப்டன். பந்து நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது கேப்டன் ரெஃப்ரியிடம் போய் மரியாதையாக விளக்கம் கேட்கலாம், அது விதியிலேயே இருக்கிற உரிமை. 'சார், என் பேருக்கு எத்தனை ஃபவுல் சார் இருக்கு?' என்று ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் கேட்கட்டும். அப்படியும் ஸ்கோரிலோ நேரத்திலோ எழுதியது தப்பு, சொல்லியும் திருத்தவில்லை என்றால், ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் தலைமை ரெஃப்ரியிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் புரொட்டஸ்டுக்கென்றே இருக்கிற இடத்தில் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். தலைமை ரெஃப்ரி ஷீட்டில் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டால் அவர் வேலை முடிந்தது. ஊதினாரா ஊதவில்லையா என்ற அவருடைய பார்வைக்கு எந்தக் கட்டத்திலும் புரொட்டஸ்ட் கிடையாது. இது தெரியாமல் எத்தனையோ கோச்சுகள் ஒரு வாரம் கழித்து லெட்டர் எழுதி அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த சார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் மனுவில் சொல்லாதீர்கள். ஆனால் அவர் நல்லவராகவே இருந்தாலும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2002-ல் வெளிவந்தது. 40 ஃபுட்பால் ரெஃப்ரிகளுக்கு ஒரே ஆட்டத்தின் வீடியோவிலிருந்து 47 மோதல்களைக் காட்டினார்கள், சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணி மேல் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்த அணி சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, வெறும் சத்தம்தான். அப்படியிருக்க, தினமும் காலையில் தான் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகள் 'சார் சார்' என்று கத்துகிற இடத்தில் ஒருவரை நிறுத்தினால், அது அந்த சாருக்கும் செய்கிற அநியாயம். ஒவ்வொரு ஃபவுலுக்கும் இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகப்படும்.

மனுவில் மூன்று நாலு வரி போதும்: ஆடுகிற இரண்டு பள்ளிக்கும் சம்பந்தமில்லாதவர் ஊத வேண்டும், தொடங்கிய இரண்டு ரெஃப்ரியும் ஆட்டம் முடியும்வரை இருக்க வேண்டும், டேபிளில் பெரியவர் ஒருவராவது உட்கார வேண்டும். போட்டியை நடத்துகிற பள்ளிக்கும் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கும் உங்கள் தலைமை ஆசிரியர் வழியாகவே கொடுங்கள், நேராக மேலே போனால் அந்தப் பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் பகையாகி அடுத்த வருடம் பிள்ளைகள்தான் அனுபவிக்கும். அடுத்த போட்டியில் இதையே உங்கள் பள்ளி கோச் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும். தோற்ற பிறகு கேட்டால் தோற்றதற்காகக் கேட்கிற மாதிரிதான் காதில் விழும்.

உங்கள் வீட்டுக்காரர் செய்தது தப்பு. பிள்ளை மேல் உள்ள பாசம்தான், புரிகிறது. ஆனால் கிரவுண்டுக்குள் இறங்கிய அந்த நிமிடத்திலிருந்து எல்லோரும் பேசுவது அவரைப் பற்றித்தான், ரெஃப்ரியைப் பற்றி இல்லை. மகள் இனிமேல் போகமாட்டேன் என்பதில் தோற்ற வருத்தம் பாதி, கூட்டத்துக்கு நடுவே அப்பா சண்டை போட்ட கூச்சம் பாதி என்று நினைக்கிறேன். தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

படிப்பைப் பார் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் ஆடாமல் இருந்தாலும் பரவாயில்லை, அந்த மாதத்தில் அவள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு விசில் ஊதட்டும், இன்னொரு நாள் டேபிளில் உட்கார்ந்து ஷீட் எழுதட்டும். அவளுடைய பி.டி. டீச்சரிடம் நீங்களே கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார், ஆள் கிடைக்காமல் தவிக்கிற வேலை அது. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் விசில் பிடித்துப் பார்த்தவர்கள் ஆட்டத்திலும் ஃபவுல் குறைத்தார்கள், எங்கே நின்றால் ரெஃப்ரி கண்ணில் கை நேராகத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, அவள் அப்பாவுக்கு ஒரு வேலை. ரிங்கின் உள் அகலம் 45 செ.மீ., அதில் 12 கொக்கி இருக்கும். 12 கண்ணியில் தொடங்கி, 40-லிருந்து 45 செ.மீ. நீளத்துக்கு, கீழே போகப் போக ஒடுங்குகிற மாதிரி வெள்ளை நைலான் நூலில் பின்னச் சொல்லுங்கள். பந்து ஒரு கணம் தயங்கி இறங்க வேண்டும், பையன்கள் ஆடுகிற 7-ஆம் நம்பர் பந்துகூடச் சிக்கக் கூடாது. கடலுக்குப் போகாத ஒரு நாள் சாயங்காலம் அவருக்குப் போதும். இரண்டு ரிங்குக்கு இரண்டு, உப்புக்காற்றில் நைந்து போனால் மாற்றுவதற்கு இன்னும் இரண்டு.