மியூவான் எலக்ட்ரானாக மாறுவதை ஏன் தேடுகிறார்கள்?

இதுவரை ஒருமுறைகூடக் காணாத சிதைவைத் தேடுவதில் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது காணக் கிடைக்காதது என்பதுதான் அதன் பலம்.

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். அது வழக்கமாகச் சிதையும்போது எலக்ட்ரானோடு இரண்டு நியூட்ரினோக்கள் (மின்னூட்டமற்ற, மிக இலேசான துகள்கள்) வெளிப்படும். அவை இல்லாமல் எலக்ட்ரானும் ஃபோட்டானும் (ஒளித்துகள்) மட்டும் வந்தால், லெப்டானின் (எலக்ட்ரான், மியூவான், நியூட்ரினோ போன்றவை அடங்கிய துகள் குடும்பம்) வகை மாறிவிட்டது என்று பொருள். நியூட்ரினோ அலைவுகளை (ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறுவதை) கணக்கில் சேர்த்தாலும், அடிப்படைத் துகள்களை விளக்கும் இன்றைய கோட்பாடான ஸ்டாண்டர்டு மாடலின்படி இதற்கான வாய்ப்பு எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது. மற்ற பல அரிய சிதைவுகளில் கோட்பாட்டுக் கணக்கின் பிழையோடு மல்லுக்கட்ட வேண்டும். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. ஐயமற்ற சமிக்ஞை கிடைத்தால் அது புதிய இயற்பியல்தான். எல்.எச்.சி. என்னும் மாபெரும் துகள் மோதுகருவியால் உருவாக்க முடியாத கனமான துகள்களும் இப்படித் தடம் காட்டக்கூடும்.

சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிறுவனத்தில் இந்தச் சிதைவைத் தேடிய மெக் (MEG) சோதனை 2016-இல் வரம்பு விதித்தது: சுமார் 2.4 லட்சம் கோடி மியூவான்களில் ஒன்றுக்கு மேல் இப்படிச் சிதைவதில்லை. எதுவும் காணாத அந்த வெறுமையே, தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு இணைத்துகள் உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரி மாதிரிகள் பலவற்றை நெருக்கியது.