லாபத்தில் முதல் கை யாருடையது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாங்கூழ் ஆலை இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார் பங்குதாரர்கள், நிர்வாகம் என்னுடையது. போன சீசனில் நல்ல லாபம். அதை முழுக்க டிவிடெண்டாகப் பிரிக்கச் சொல்கிறார் சித்தப்பா. சீசனுக்கு வரும் பெண்களுக்குக் கூலி உயர்த்தி, ஊரிலிருந்து வேன் விடலாம் என்பது என் எண்ணம். ஓசூர் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் எங்கள் ஊருக்கே வந்து ஆட்களை ஏற்றிப்போகின்றன. “வேலைக்காரர்களுக்குச் செய்வது தர்மம், தொழில் இல்லை” என்கிறார் சித்தப்பா. அவர் சொல்வது சரியா?
- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பி, சித்தப்பாவை முதலில் எதிரியாக நினைக்காதீர்கள். ஆலை போட்ட நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வருமா வராதா என்று காத்திருந்தவர் அவர். அவருக்கும் பங்கு சேர வேண்டும். ஆனால் தர்மம் தனி, தொழில் தனி என்று அவர் கோடு போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தர்மபுரியில் முப்பது வருடம் சின்ன ஆலைகளுக்குக் கணக்கு எழுதியவன் நான். அதில் ஒன்று மாங்கூழ் ஆலை. ஒரு வருடம் ஜூன் மாதம், பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்தபோது, முதலாளி இரண்டு வாரக் கூலியை நிறுத்திவைத்துப் பங்காளிகளுக்குப் பணம் கொடுத்தார். பழம் தரம் பிரிக்கும் இடத்தில் பல வருடம் நின்ற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அடுத்த திங்கள்கிழமை வரவில்லை. அந்த இடத்துக்குப் புது ஆட்களைப் போட்டார்கள். மேலே மஞ்சளாக, உள்ளே கறுத்திருக்கும் பழத்தைத் தொட்டும் முகர்ந்தும் ஒதுக்குவது ஒரே நாளில் வராது. கெட்ட பழம் நல்ல பழத்தோடு அரைபட்டது. பரிசோதனையில் பூஞ்சை அளவு கூடியிருந்ததால் ஏற்றுமதிக்காரர் சரக்கை எடுக்கவில்லை.

அந்த நஷ்டத்தைப் பேரேட்டில் “தரக்குறைவு” என்று எழுதியவன் நான்தான். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. கூலிக்குப் பேரேட்டில் ஒரு தலைப்பு உண்டு. பழகிய கை போய்விட்டதால் வந்த நஷ்டத்துக்குத் தலைப்பே கிடையாது. அதனால்தான் உங்கள் சித்தப்பா போன்றவர்களின் கண்ணுக்குக் கூலி மட்டும் செலவாகத் தெரிகிறது.

இதை ஹென்றி ஃபோர்டு அடிபட்டுத்தான் கற்றார். 1913-ல் அவருடைய கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருடத்தில் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி 5 டாலர் என்றார், வேலை நேரத்தை 8 மணியாகக் குறைத்தார். ஆட்கள் நின்றார்கள். ஆனால் அந்தக் கூலியைப் பெற வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆள் அனுப்பினார், அது தவறு. நம் பக்கத்தில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதும் அதே வகைதான். அதைச் செய்யாதீர்கள்.

அதே ஃபோர்டின் மேல் பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். லாபத்தைப் பிரிக்காமல் தொழிற்சாலையைப் பெருக்குகிறார் என்பது புகார். 1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கம்பெனி நடப்பது முதன்மையாகப் பங்குதாரர் லாபத்துக்காக என்று சொல்லி டிவிடெண்ட் கொடுக்க வைத்தது. சித்தப்பா பேசுவது அந்தப் பழைய தீர்ப்பின் குரல். நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம், 166-வது பிரிவு, இயக்குநர் பங்குதாரர் நலனோடு ஊழியர், சமுதாயம், சுற்றுச்சூழல் நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆடிட்டரை வைத்து அதைச் சித்தப்பாவுக்குப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

அவர் எண்களைத்தான் நம்புவார் என்றால் இதையும் சொல்லலாம். அலெக்ஸ் எட்மன்ஸ் என்ற நிதித்துறைப் பேராசிரியர், அமெரிக்காவில் “வேலை செய்ய நல்ல இடம்” என்று பட்டியலான நூறு கம்பெனிகளை 1984 முதல் 2009 வரை ஆராய்ந்தார். அவற்றின் பங்குகள் அதே துறையின் மற்ற பங்குகளைவிட ஆண்டுக்கு 2.1 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தன. லாபம் பங்குதாரருக்குத்தான் போயிருக்கிறது, பாருங்கள். அவை பெரிய கம்பெனிகள், நம்முடையது இரண்டு மாத சீசன் தொழில். அந்த எண் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. மாங்காய் விலை எகிறி, கூழ் விலை விழுந்த வருடத்தில் நல்ல கூலி மட்டும் ஆலையைக் காப்பாற்றாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அதனால் லாபம் முழுவதையும் கூலியில் போடாதீர்கள். ஒரு வருடம் உயர்த்திவிட்டு அடுத்த வருடம் குறைத்தால், உயர்த்தாமலே இருந்ததைவிடக் கெட்ட பெயர் வரும். மோசமான வருடத்திலும் தாங்குகிற அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். அதைவிட முக்கியம், சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கையில் இருக்க வேண்டும். சுத்தமான கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிட நிழல், தொடர்ந்து நிற்பவர்களுக்கு நடுவில் பத்து நிமிஷம். இதற்கெல்லாம் ஆகும் செலவு சித்தப்பாவின் டிவிடெண்டில் பெரிதாகத் தெரியாது.

போனஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சட்டப்படியான கடன். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில், சம்பள வரம்புக்குள் இருப்பவர் ஒரு கணக்காண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. சீசன் பெண்களில் பலருக்கு இது தெரியாது. நீங்களாகச் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் சித்தப்பாவுக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். போன சீசனில் எத்தனை பேர் பாதியில் போனார்கள், அந்த நாட்களில் எத்தனை டன் கழிந்தது, எத்தனை மணி நேரம் இயந்திரம் ஆளில்லாமல் நின்றது. இதை மேஸ்திரியிடம் கேட்டால் தேதியோடு சொல்வார். மீதி லாபத்தில் சித்தப்பாவுக்கு உரிய டிவிடெண்டையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.

வேன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மே மாதம் பள்ளி வேன்கள் சும்மா நிற்கும், வாடகையும் குறைவாகச் சொல்வார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் காலை நேரத்துக்கு ஒன்றும் கிடைக்காது, உங்களுக்கோ அப்போதுதான் வரத்து அதிகம். ஜூலை முடியும்வரை சேர்த்து இப்போதே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள்.