வால்வு சிகிச்சைக்குப் பிறகு: இனமும் இதயமும் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில், ஒரு மருத்துவமனையின் இதய வால்வுப் பிரிவில் 11 ஆண்டுகளாக ஒருங்கிணைப்பு நர்ஸாக இருக்கிறேன். கத்தி பிடிப்பது நானில்லை. யாருக்கு எந்த நாளில் என்ன பரிசோதனை, யார் வரவில்லை, ஏன் வரவில்லை, வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஓராண்டு வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை. வால்வு சிகிச்சைக்குப் பிறகு கருப்பின நோயாளிகளின் நிலை வெள்ளையரின் நிலையிலிருந்து ஏன் மாறுபடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சொந்த எக்கோ (இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டுக்கு இங்கே சிகிச்சை சொல்ல மாட்டேன்.

நிவேதா: அக்கா, அதே டாக்டர், அதே கருவி, அதே தியேட்டர். அப்புறம் எப்படி நிறத்துக்கு நிறம் முடிவு மாறும்?

தியேட்டருக்குள் பெரிதாக மாறுவதில்லை நிவேதா. தொடை ரத்தக்குழாய் போன்ற வழிகளில் அறுவை இல்லாமல் அயோர்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) மாற்றிக்கொண்ட 70,221 அமெரிக்கர்களின் பதிவுகளை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், மருத்துவமனையில் இறப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு எதிலும் இனங்களுக்கு இடையே வித்தியாசம் இல்லை. ஓராண்டு இறப்பிலும் கருப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதயச் செயலிழப்பால் (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் தளர்வது) மறுபடி அட்மிட் ஆகும் வாய்ப்பு கருப்பினத்தவருக்கு 39 விழுக்காடும் ஹிஸ்பானியருக்கு (லத்தீன் அமெரிக்க வழியினர்) 37 விழுக்காடும் அதிகமாக இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணையும் பாருங்கள். அந்த 70,221 பேரில் வெள்ளையர் 91.3 விழுக்காடு, கருப்பினத்தவர் 3.8. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேர் கருப்பினத்தவர். வயதானவர்களின் அயோர்டிக் வால்வுச் சுருக்கம் கருப்பினத்தவரிடம் சற்றுக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் கதவு வரை வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு “எல்லோருக்கும் ஒரே முடிவு” என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வராதவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்.

ரமேஷ்பாபு: அப்பாவுக்கு எக்கோவில் “மாடரேட் எம்.ஆர்.” (மைட்ரல் வால்வில் நடுத்தரக் கசிவு) என்று வந்திருக்கிறது. கிளிப் போடலாமா?

அவரைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே சொல்ல மாட்டேன்.

தாமரை: கிளிப், கிளிப் என்கிறீர்களே, அது என்ன? அதிலும் இந்த வித்தியாசம் இருக்கிறதா?

மைட்ரல் வால்வுக்கு இரண்டு இதழ்கள். அவை சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னால் கசியும், மூச்சு வாங்கும். நெஞ்சைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாக ஒரு குழாயை ஏற்றி, இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போய், இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு கிளிப்பால் பிடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. இதயத் தசை பலவீனமாகி, அதனால் வால்வு கசிபவர்களுக்கு 2019-ல்தான் அனுமதி வந்தது.

அந்த 2019 அனுமதிக்குக் காரணமான ஆய்வில் 614 பேர் இருந்தார்கள். இரண்டாண்டு முடிவில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 46.1 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். கிளிப்பும் போட்டவர்களில் 29.1. இவ்வளவு பெரிய பலன் இது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலில் இதயச் செயலிழப்பு மருந்துகள் எல்லாவற்றையும் தாங்கும் அளவு வரை ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் கசிவு நீடிக்க வேண்டும். மருத்துவக் காரணம் சரியானதுதான். நடைமுறையில் என்ன ஆகிறது? மருந்தைப் படிப்படியாக ஏற்ற இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்கு இன்சூரன்ஸ் வேண்டும், லீவு தரும் வேலை வேண்டும், கார் வேண்டும். இது எதுவும் இல்லாதவர் “மருந்து முழுமையாக முயலப்படவில்லை” என்ற ஒரே வரியோடு பட்டியலிலிருந்து வெளியே போகிறார். அந்த வரியை நானே பல முறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனது கனக்கிறது.

அருண் பிரசாத்: வால்வை ரிப்பேர் செய்வது நல்லதா, மாற்றுவது நல்லதா?

தேய்மானத்தால் கசியும் மைட்ரல் வால்வு என்றால், முடிந்தவரை ரிப்பேர். சொந்த வால்வு மிஞ்சும். உலோக வால்வு வைத்தால் ஆயுளுக்கும் வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ஓயாத ரத்தப் பரிசோதனை. ரிப்பேருக்குக் கைப்பழக்கம் நிறைய வேண்டும். வருடத்துக்குச் சில மைட்ரல் மட்டுமே செய்யும் இடங்களில் மாற்றிவிடுவதுதான் அதிகம். நோயாளி எந்த ஊரில் இருக்கிறார், யாரிடம் அனுப்பப்படுகிறார் என்பதே முக்கால்வாசி தீர்ப்பை எழுதிவிடுகிறது.

ஜோஸ்பின்: தாமதம் சரியாக எங்கே ஆகிறது? ஒரு உதாரணம் சொல்லுங்கள் சிஸ்டர்.

பல். நம்ப மாட்டீர்கள், பல்தான். வால்வு அறுவைக்கு முன் வாயில் கிருமித் தொற்று இல்லை என்று பல் மருத்துவர் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்காரும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு கருப்பினப் பெண்மணி வந்தார். வயது 58. ஐம்பது வயதிலேயே இதயத்தில் சத்தம் கேட்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பகுதி நேர வேலை, இன்சூரன்ஸ் இல்லை, எக்கோ எடுக்கவில்லை. எங்களிடம் வந்தபோது இதயத் தசை பாதிக்கும் மேல் பலவீனம். நான்கு பற்களைப் பிடுங்க வேண்டும். எங்கள் மாநிலம் மெடிகெய்டை (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) விரிவாக்கவில்லை, அதனால் அவருக்கு அது கிடையாது. வால்வு மாற்றத்துக்கு முன்னான பல் சிகிச்சைக்கு மெடிகேர் என்ற இன்னொரு அரசு இன்சூரன்ஸ் 2023 முதல் பணம் தருகிறது, ஆனால் அது பொதுவாக 65 வயதுக்கு மேல். இலவச பல் முகாமுக்காக ஐந்து மாதம் காத்திருந்தார். நடுவில் நுரையீரலில் நீர் கோர்த்து இரண்டு முறை அட்மிட்.

எந்த நாட்டில் இருந்தாலும் சரி, வால்வுக் கோளாறு என்று தெரிந்த அன்றே பல் மருத்துவரைப் பாருங்கள். இதை நான் சொல்லாத நாள் இல்லை.

ஹரிணி: அம்மாவுக்கு மாடரேட் கசிவு, 71 வயது...

மேலே ரமேஷ்பாபுவுக்குச் சொன்னதுதான். பல்லையும் பாருங்கள்.

கதிர்வேல்: எல்லாவற்றுக்கும் சமூகத்தைக் குறை சொல்கிறீர்கள். மரபணு வேறு என்றால் முடிவும் வேறாகத்தானே இருக்கும்?

மரபணு இல்லை என்று நான் சொல்லவில்லை கதிர். ஒரு உண்மையான உதாரணம் நானே தருகிறேன். டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் நூற்றுக்கு 3, 4 பேரிடம் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு வயதான பிறகு இதயத் தசையில் அமிலாய்டு என்ற புரதப் படிவு சேர்ந்து தசை தடிக்கும். வால்வுச் சுருக்கத்தோடு சேர்ந்தும் வரும். அப்போது வால்வை மட்டும் சரிசெய்தால் மூச்சிரைப்பு முழுதாகப் போகாது. ஆனால் மீதி 96 பேரிடம் அந்த மாற்றமே இல்லை. இருப்பவர்களுக்கும் என்ன நடக்கிறது? தடித்த இதயச் சுவரைப் பார்த்ததும் “கருப்பினத்தவர், பி.பி. இருக்கும்” என்று எழுதி, அமிலாய்டுக்கான ஸ்கேனை எடுக்காமல் விடுகிறார்கள். நிறத்தைப் பார்த்து ஊகித்ததால் மரபணு நோய்தான் தப்பிப்போகிறது. சரியான பரிசோதனை செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கதிர்வேல்: டாக்டர்களே சூத்திரங்களில் இனத்தைச் சேர்த்திருக்கிறார்களே, காரணம் இல்லாமலா?

சேர்த்திருந்தார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்கும் 2009-ம் ஆண்டுச் சூத்திரம், நோயாளி கருப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 16 விழுக்காடு உயர்த்திக் காட்டியது. ரத்தத்தில் ஒரே கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவு, ஆனால் ஒருவருக்கு மட்டும் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகத் தெரியும். சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது தள்ளிப்போகும். வால்வு சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் எப்படித் தேறுவார் என்பதில் சிறுநீரகத்துக்கு எவ்வளவு பங்கு என்று எங்கள் வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2021-ல் இனம் இல்லாத புதுச் சூத்திரம் வந்தது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அப்படித்தான். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் ரத்த ஆக்சிஜன் 88-க்குக் கீழே போயிருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரில் 11.7 விழுக்காடு என்று 2020-ல் ஒரு ஆய்வு காட்டியது. வீட்டில் இதை மாட்டிக்கொண்டு “எனக்கு ஒன்றுமில்லை” என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

முத்துலட்சுமி: கதிர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. அவர்கள் டாக்டரை நம்புவதில்லை, மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அம்மா, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கருப்பின ஆண்களுக்கு மருந்து தராமல் வேடிக்கை பார்த்த அரசு ஆய்வு 1932-ல் தொடங்கி 1972 வரை நடந்தது. தென் மாநில மருத்துவமனைகளில் தனி வார்டுகள் பெரும்பாலும் ஒழிந்தது 1966-ல், மெடிகேர் பணம் வேண்டுமானால் பிரிவினை கூடாது என்று ஆன பிறகுதான். இன்று என் முன்னால் உட்காரும் 78 வயதுக்காரர் அப்போது பள்ளியை முடித்த இளைஞர். தன் தாயை எந்த வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால், நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை விளக்குவேன். மாத்திரை விஷயம்: கேட்டுப்பாருங்கள், பாதிப் பேர் மாதக் கடைசியில் காசில்லாமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிறார்கள்.

கதிர்வேல்: சரி, ஆசியர்களுக்கு முடிவு நன்றாக வந்ததாமே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

முதலில் சொன்ன அதே ஆய்வு. ஆசியர், அமெரிக்கப் பழங்குடியினர், பசிபிக் தீவினர் எல்லோரையும் ஒரே கட்டத்தில் போட்டிருந்தார்கள், மொத்தம் 1.5 விழுக்காடு. ஓராண்டு இறப்பு அந்தக் கட்டத்தில் குறைவுதான். அதை வைத்துத் தமிழர் இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

விக்னேஷ்: மாடரேட் கசிவுக்கு...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள் தம்பி.

சாந்தி: கிளிப் போட்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே போன் செய்யுங்கள். முப்பதாவது நாள் எக்கோவைத் தவறவிடாதீர்கள். பல் வேலைக்கு முன் கிளிப் இருப்பதைச் சொல்லி ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேளுங்கள். வீங்கும் காலை யாராவது தினமும் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு நானே வாரம் ஒருமுறை கூப்பிடுகிறேன்.

நிவேதா: அக்கா, அந்தப் பேருந்து ஓட்டுநர் என்ன ஆனார்?

அறுவை தாங்காது என்று ஆகிவிட்டதால் உதவி நிதியில் கிளிப் போட்டோம். நன்றாக உட்கார்ந்தது, கசிவு லேசான அளவுக்குக் குறைந்தது. பதிவேட்டில் “வெற்றி, சிக்கல் எதுவும் இல்லை” என்றுதான் ஏற்றினேன். அந்த ஆண்டில் மூன்று முறை மூச்சிரைப்போடு எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். பேருந்து ஓட்ட மறுபடி போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பேசுகிறோம். போன வாரம் எடை ஏறவில்லை என்றார்.