பழைய ஈயப் பெயின்டைச் சுரண்டும் தொழிலாளருக்கு என்ன ஆபத்து, அமெரிக்கச் சட்டம் என்ன கேட்கிறது?

அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயின்ட் 1978இல் தடை செய்யப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய வீட்டில், சோதித்து இல்லையென்று உறுதியாகும்வரை, சுவரில் ஈயம் இருப்பதாகவே கொள்வது நல்லது. சுவரில் ஒட்டியிருக்கும் பெயின்டைவிட, உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் நுண்தூசியும் தீயால் சுடும்போது எழும் புகையுமே பெரிய ஆபத்து. மூச்சுவழி இரத்தத்தில் கலக்கும் ஈயம் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, எலும்பில் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. தொடக்கத்தில் தலைவலி, சோர்வு, வயிற்றுவலி என்று சாதாரணமாகத் தோன்றுவதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தொழிலிடப் பாதுகாப்புக்கான கூட்டரசு அமைப்பான ஓஷாவின் கட்டுமான விதி, எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்கிறது; 30ஐத் தொட்டாலே கண்காணிப்புக் கடமைகள் தொடங்குகின்றன. கையால் சுரண்டும் வேலையில், காற்றை அளந்து முடிக்கும் முன்பே சுவாசக் கவசம் தரவேண்டும். இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 50 மைக்ரோகிராமை எட்டிய தொழிலாளியை, ஊதியம் குறையாமல் அவ்வேலையிலிருந்து விலக்கவேண்டும். என் பார்வையில் இந்த இரத்த ஈய வரம்பு மிகவும் தளர்வானது.

நடைமுறையில், பரப்பை நனைத்துச் சுரண்டுவதும், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டியுள்ள உறிஞ்சியால் தூசியை அகற்றுவதும், உண்ணுமுன் கைகழுவுவதும் முக்கியம். வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுசெல்லவே கூடாது. அதில் ஒட்டிய தூசியைத் தாங்கும் வலு குழந்தைகளுக்கு இல்லை.