வறட்சியால் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சண்டை நடக்கும் கிராமங்களில் அமைதி வர வெளியாட்கள் எப்படி உதவலாம்?

ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்து, கிளம்புவதற்கு முன் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் கிளம்பினேன். 2018-ல், வடக்குக் கென்யாவின் துர்க்கானா மாவட்டத்துக்கு, போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போடும் பொறியாளராக. தண்ணீர் இல்லாததால் அடித்துக்கொள்கிறார்கள், தண்ணீர் கொடுத்தால் நிறுத்திவிடுவார்கள். அமைதியைப் பற்றி என் மண்டையில் இருந்தது அவ்வளவுதான்.

நான் போட்ட போர்வெல்லால்தான் அங்கே சண்டை வந்தது.

துர்க்கானா மக்களும் போக்கோட் மக்களும் கால்நடையை நம்பி வாழ்கிறவர்கள். இரு தரப்பு மேய்ச்சலுக்கும் நடுவில் ஆள் இல்லாத ஒரு துண்டு நிலம் இருந்தது. அந்த வருடம் நல்ல மழை, இடுப்பளவு புல். நிலத்தடி நீர்ச் சோதனையிலும் அந்த இடம்தான் முதலாவதாக வந்தது. குடிசை இல்லை, வேலி இல்லை, எதிர்ப்புச் சொல்ல ஆளில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். சோலார் பம்ப், தொட்டி, ரிப்பன் வெட்டிப் போட்டோ, எல்லாம் நடந்தது.

ஆள் ஏன் இல்லை என்று நான் கேட்கவே இல்லை. தண்ணீர் இல்லாததால் மந்தை அங்கே ஓரிரு நாளுக்கு மேல் தங்க முடியாது. அதனாலேயே புல் மிஞ்சும். கோடைக் கடைசியில், வேறு வழியே இல்லாதபோது, இரு தரப்பும் வந்து மேய்த்துக்கொண்டு போவார்கள். கஷ்டகாலத்துக்கு எடுத்துவைத்த புல் அது. தண்ணீர் வந்ததும் துர்க்கானா ஆட்கள் அங்கேயே பட்டி போட்டுவிட்டார்கள். நாலு மாதத்தில் ஒரு மணி நேர நடைத் தூரத்துக்குப் புல் இல்லை. கோடையில் போக்கோட் ஆட்கள் வந்து பார்த்தபோது வெறும் தரை. ஒரு இரவு துப்பாக்கிச் சத்தம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பம்ப் காவலாளிக்குத் தொடையில் குண்டு, பிழைத்துக்கொண்டார். அந்த மாத அறிக்கையில் 'பயனாளிகள் எண்ணிக்கை உயர்வு' என்று எழுதியதும் நான்தான்.

துர்க்கானா பெரியவர்கள் மரத்தடியில் கூடினார்கள். அவர்கள் எகிச்சொலோங் என்ற சின்ன மர முக்காலியில் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. திட்டுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இவர் போட்ட தண்ணீரை மூடிவைக்க முடியுமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மழைக்காலம் முழுக்கப் பூட்டு. இரண்டு பூட்டு, தரப்புக்கு ஒரு சாவி. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் திறப்பது. போக்கோட் பெரியவர்களிடம் ஆள் அனுப்பிச் சம்மதம் வாங்கியதும் அவர்களே. ஆனால் எங்கள் அலுவலகம் குதித்தது. ஓடுகிற பம்பை மூடினால் நிதி கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அனுமதிக் கடிதம் வர ஐந்து வாரம்.

'அப்போ தண்ணீரே கொடுக்க வேண்டாம் என்கிறாயா, பருவநிலை மாற்றமே பொய்யா' என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: நான் அதைச் சொல்லவில்லை. 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை அங்கே தொடர்ந்து ஐந்து மழைப்பருவம் பொய்த்தது. ஆனால் வறட்சி மட்டும் ஆளைக் கொல்வதில்லை. ஆநிரை கவர்தல் அங்கே பழைய பழக்கம், நம் வெட்சி, கரந்தை மாதிரி. 1979-ல் இடி அமீன் வீழ்ந்தபோது எல்லைக்கு அப்பால் உகாண்டாவின் மொரோட்டோ ராணுவ முகாமில் ஆயுதக் கிடங்கு கொள்ளை போனது. அப்புறம் ஈட்டி இருந்த கைகளில் துப்பாக்கி. வடக்குக் கென்யாவின் மார்சபிட்டில் நடந்த ஓர் ஆய்வில், வறண்ட ஆண்டுகளைவிட மழை நல்ல ஆண்டுகளில்தான் கொலைகள் அதிகம் என்று தெரிந்தது. மழையில் புதர் வளர்ந்து மறைவு கிடைக்கும், ஓட்டிப்போகும் மாட்டுக்கும் தெம்பு இருக்கும். வறட்சியிலோ ஒருவர் கிணறு மற்றவருக்கு வேண்டும், அதனால் பேச வருவார்கள்.

ஒப்பந்தம் போட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1973-ல் கென்யா-உகாண்டா எல்லையருகே லோகிரியாமாவில் துர்க்கானாவும் உகாண்டாவின் மத்தெனிக்கோ மக்களும் ஆயுதங்களைப் புதைத்துச் செய்த சமாதானத்தை இன்னும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். வடகிழக்குக் கென்யாவின் வஜீரில் 1990-களின் தொடக்கத்தில் குலச் சண்டை நடந்தபோது, அந்த ஊர்ப் பெண் டெக்கா இப்ராஹிம் அப்தியும் வேறு சில பெண்களும் முதலில் கையில் எடுத்தது சந்தையை. எந்தக் குலத்துப் பெண்ணும் யாரிடமும் பயமில்லாமல் வாங்கலாம், விற்கலாம். அதை நடத்திக்காட்டிவிட்டுத்தான் பெரியவர்களிடம் போனார்கள்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது, கூட்டத்துக்கு வண்டி, சாப்பாட்டுச் செலவு, பேசி முடித்ததை எழுதி அதிகாரிகளிடம் சேர்ப்பது. நாற்காலி போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போர்வெல் போடும் முன், சுற்றியுள்ள புல் எந்த மாதம் யாருக்கு என்று ஆடு மேய்க்கும் பையன்களோடு நடந்தே கேளுங்கள். போகும்போது நல்ல ஷூ வாங்கிக்கொண்டு போகாதீர்கள், வேல முள் இறங்கிவிடும். அங்கே விற்கிற டயர் செருப்புதான் தாங்கும்.