சின்னத்திரைக் குடும்பம் பெரிய திரைக்குப் போகும்போது
வாசகர் கேள்வி பதில்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைத் திரைப்படமாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த மாதம் இடம் ஒதுக்கியிருக்கிறோம். எழுதுபவர், நடிப்பவர், காசு போடுபவர் என எல்லாத் தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். 13 எபிசோட் ஓடிய ஒரு சிரிப்புத் தொடருக்கு எழுதிய குழுவில் நானும் ஒருவன். அதைப் படமாக்கப் பேச்சு நடக்கிறது. நன்றாக ஓடிய நாலு எபிசோடைக் கோத்தாலே ஒன்றரை மணி நேரம் வந்துவிடுமே, புதுக்கதை எதற்கு என்கிறார் தயாரிப்பாளர். என்ன பதில் சொல்வது?
(செங்காங் வாசகர்)

கணக்கு சரிதான். விளம்பரம் போக ஒரு எபிசோட் 22 நிமிடம், நாலு சேர்ந்தால் 88. ஆனால் அந்த 88 நிமிடத்தில் நாலு தொடக்கமும் நாலு முடிவும் இருக்கும். 22வது நிமிடத்தில் ஒரு முறை, 44வது நிமிடத்தில் ஒரு முறை என்று பார்வையாளர் மனசு 'சரி, முடிந்தது' என்று எழுந்துவிடும். மூன்றாவது கதை தொடங்கும்போது கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். கோப்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் 1953இலேயே 'ஐ லவ் லூசி' தொடரின் மூன்று எபிசோடை எடுத்து, இடையே புதுக்காட்சிகள் வைத்துத் தைத்து ஒரு படம் தயாரித்தார்கள். அதே ஜோடி நடித்த வேறொரு படம் வரவிருந்ததால் அது திரையரங்குக்கே வரவில்லை.

தொடரின் இயல்பே வேறு. வாரம் முழுக்க எவ்வளவு ரகளை நடந்தாலும் கடைசி நிமிடத்தில் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். கஞ்சப் பெரியப்பா கஞ்சராகவே இருப்பார், வேலை தேடும் பையன் வேலை தேடிக்கொண்டே இருப்பான். அடுத்த வாரம் அதற்காகத்தான் டிவியைப் போடுகிறோம். படம் பார்க்க வருபவர் காசு கொடுத்து, பஸ் ஏறி வருகிறார். திரும்பிப் போக முடியாத ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

ஆகவே எழுத உட்காரும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'இவர் வாழ்க்கையில் மாறவே மாறாதது எது?' என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த வரிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் உடையுங்கள். ஓர் உதாரணம்: தொடர் முழுக்க ஒரே புளோக்கில், எதிரெதிர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வாழும் இரண்டு குடும்பங்கள். படத்தின் 12வது நிமிடத்தில் வீவகவிலிருந்து (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதம் வருகிறது. அந்த புளோக் மறுமேம்பாட்டுக்காக எடுக்கப்படுகிறது. எல்லாரும் காலி செய்தாக வேண்டும். புதிய இடத்தில் பக்கத்துப் பக்கத்து வீடாக எடுப்பதா, தொலைந்தது சனியன் என்று பிரிவதா? இந்த ஒரு கேள்வி 95 நிமிடத்தைத் தாங்கும். தொடரில் இதை எந்த எழுத்தாளரும் தொட்டிருக்க முடியாது. தொட்டிருந்தால் அடுத்த வாரம் செட்டே இருந்திருக்காது.

பக்கக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். திரைப்பட வடிவத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்று கேமரா வைத்து எடுக்கும் தொடரின் ஸ்கிரிப்ட் வரிக்கு வரி இடம் விட்டு அடிக்கப்படுவது, 22 நிமிடத்துக்கே 45 பக்கம் போகும். அந்தப் பழக்கத்தில் 95 பக்கம் எழுதிவிட்டுப் படம் தயார் என்று நினைத்தால் கையில் இருப்பது 50 நிமிடம்கூட வராது. முதல் நாளே வடிவத்தை மாற்றிவிடுங்கள்.

ஏழு பாத்திரம் இருந்தால் ஏழு பேருக்கும் கிளைக்கதை கொடுக்காதீர்கள். இரண்டு பேர் மாறட்டும். மற்ற ஐந்து பேருக்கும் மையக்கதையைத் தள்ளிவிடும் ஆளுக்கொரு வேலை போதும். பஞ்ச் வசனம் வாரத்துக்கு ஒரு தடவை வந்தபோது இனித்தது, ஒரே உட்காரலில் எட்டுத் தடவை வந்தால் திகட்டும். மூன்று போதும்: முதல் தடவை வழக்கமான இடத்தில், இரண்டாவது வேறொருவர் வாயில், மூன்றாவது சொல்பவருக்கே வலிக்கிற இடத்தில்.

கேள்வி: தொடர் படமானால் உடனே எல்லாரையும் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்களே! எங்கள் கதையிலும் குடும்பத்தைச் சென்னைக்கு அனுப்பலாம் என்கிறார்கள். சரிவருமா?
(புக்கிட் பாத்தோக் வாசகி)

இது பழைய வழக்கம். 1977இல் பிரிட்டனின் 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்' தொடரின் படம் அதன் கடை ஊழியர்களை மொத்தமாக ஸ்பெயினுக்கு விடுமுறை அனுப்பியது. நம் ஊரில் 1997 முதல் 2007 வரை ஓடிய 'புவா சூ காங்' 2010இல் படமானபோது கதை மலேசியாவுக்குப் போனது. செட்டின் மூன்று சுவரிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று கண்ணுக்குக் காட்ட இது சுலபமான வழி. ஆனால் கதவைத் தட்டாமல் நுழையும் பக்கத்து வீட்டம்மா, கீழே காப்பிக் கடை அண்ணன் என்று எதை வைத்துச் சிரித்தோமோ அதெல்லாம் ஊரிலேயே தங்கிவிடும்.

2011இல் 'இன்பிட்வீனர்ஸ்' தொடரின் படம் அதன் பையன்களைக் கிரீஸ் நாட்டுக்கு அனுப்பியது பிரிட்டனில் பெரிய வெற்றி. பள்ளிப் படிப்பு முடிந்து, இனி ஒன்றாக இருக்கப்போவதில்லை என்ற நிலையில் போகும் பயணம் அது. பயணமே கதையின் முடிவாக இருந்தது. உங்கள் குடும்பம் சென்னைக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் எதுவும் மாறாது என்றால், டிக்கெட் காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: நான் தொடரில் நடித்தவன். டிவியில் சிரிப்புச் சத்தம் போடுவார்கள் என்று தெரிந்து இடைவெளி விட்டு வசனம் பேசிப் பழக்கம். படத்தில் அது எடுபடவில்லை என்கிறார் இயக்குநர். எங்கே தப்பு?
(ஈசூன் வாசகர்)

உங்கள் பழக்கம் அந்த ஊடகத்துக்குச் சரியானது. இடம் மாறியதுதான் சிக்கல். இதைப் பாருங்கள்:

"மாப்பிள்ளை, டீ குடிக்கிறீங்களா?"
"இப்பத்தான் மாமா குடிச்சேன்."
"அப்ப கப்பக் கழுவி வச்சிருங்க."

தொடரில் மாமனார் கடைசி வரியைச் சொன்னதும் அதே முகத்தோடு இரண்டு விநாடி நிற்பார். அந்த இரண்டு விநாடியைப் பதிவு செய்த சிரிப்பு நிரப்பும். படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அரங்கு நிறைந்திருந்தால் மக்களே நிரப்புவார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு விநாடி பள்ளமாகத் தெரியும். நடிகர் சிரிப்புக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்த கணமே நகைச்சுவை செத்துவிடும்.

அதற்காக இடைவெளியை அடியோடு வெட்டினால் இன்னொரு கோளாறு வரும். மக்கள் சிரிக்கும் சத்தத்தில் அடுத்த வசனம் மூழ்கிவிடும். வழி என்னவென்றால், அந்த இடத்தைச் செயலால் நிரப்புவது. மாமனார் வரியை முடித்து அப்படியே செய்தித்தாளைப் புரட்டட்டும். கேமரா மாப்பிள்ளை பக்கம் போகட்டும். அவர் கப்பைப் பார்க்கிறார், சமையலறையைப் பார்க்கிறார், எழுந்திருக்கிறார். அரங்கு சிரித்தால் அவர்கள் எதையும் இழக்கவில்லை, சிரிக்காவிட்டாலும் காட்சி நகர்கிறது. பெரிய சிரிப்பு வரும் இடத்துக்குப் பிறகு ஒன்றரை இரண்டு விநாடிக்குள் கதைக்குத் தேவையான தகவல் எதையும் வைக்காதீர்கள்.

எடுக்கும்போது மாப்பிள்ளையின் அந்த முகபாவத்தை வசனம் இல்லாமல் தனியாக ஒரு பத்து விநாடி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எடிட்டர் உங்களை வாழ்த்துவார். முதல் வெட்டு முடிந்ததும் படத்தோடு சம்பந்தமில்லாத முப்பது நாற்பது பேருக்குப் போட்டுக்காட்டி, அரங்கின் சத்தத்தை ஒலிப்பதிவு செய்யுங்கள். அதைப் படத்தோடு ஒத்திசைத்துக் கேட்டால் எங்கே சிரிப்பு வசனத்தை விழுங்குகிறது, எங்கே மௌனம் என்பது நிமிடக் கணக்கோடு தெரியும். படிவத்தில் எழுதித் தரும் கருத்தைவிட இந்த ஒலிப்பதிவை நாங்கள் நம்புவோம்.

இன்னொன்று. டிவிக்குக் கண் புருவம் நெற்றிவரை ஏற வேண்டியிருந்தது. திரையில் உங்கள் முகம் ஓராள் உயரத்துக்கு மேல் தெரியும். பாதி போதும்.

கேள்வி: பழைய செட்டையே பயன்படுத்தலாமா, நிஜமான வீவக வீட்டில் எடுக்கலாமா? தொடரின் பழைய காட்சிகளைப் படத்தில் சேர்க்க முடியுமா?
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

இரண்டையும் கலப்பதுதான் நல்லது. தொலைக்காட்சிச் செட்டுக்கு மூன்று சுவர்தான், கூரை கிடையாது, விளக்குகள் மேலிருந்து தொங்கும். எல்லா மூலையிலும் ஒரே வெளிச்சம். பெரிய திரையில் அது அட்டை வீடு என்று பளிச்சென்று தெரிந்துவிடும். நிஜமான நாலறை வீடு சுமார் 90 சதுர மீட்டர், கூரை உயரம் 2.6 மீட்டர் வாக்கில். வரவேற்பறையில் ஆறு பேர் உட்காரும் காட்சிக்குக் கேமராவைப் பின்னுக்கு நகர்த்த இடமே இருக்காது. அகன்ற லென்ஸ் போட்டால் ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபடும். கூரை தாழ்வு, மைக் கோலும் விளக்கும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். சத்தத்துக்காக ஏர்கானை நிறுத்தினால் இரண்டாவது டேக்கிலேயே மேக்கப் வழியும்.

வீட்டின் உட்புறத்தை நாலு சுவரோடு, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு சுவரும் மெல்லிய துணிக் கூரையுமாகச் செட் போடுங்கள். துணிக்கு மேலிருந்து விளக்கடித்தால் மென்மையாக இறங்கும், தாழ்ந்த கோணத்தில் எடுத்தாலும் கூரை தெரியும். நடைபாதை, மின்தூக்கி, கீழ்த்தளம், காப்பிக் கடை எல்லாம் நிஜமாக இருக்கட்டும். பொது இடங்களுக்கு அந்த வட்டார நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். போலிஸ் சீருடை, பொம்மைத் துப்பாக்கி, அடிதடிக் காட்சி என்றால் போலிசிடம் முன்கூட்டியே பேசுங்கள். டிரோன் பறக்கவிட வேண்டுமென்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். அதிகாலைக் காட்சியானால் குயில் கூவலைக் கணக்கில் எடுங்கள். நம் ஊர்க் குயிலுக்கு 'சைலன்ஸ்' என்றால் புரியாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்துகொண்டால், பின்னால் வெட்டுகளை மூட உதவும்.

பழைய காட்சிகள்: நம் தொலைக்காட்சி விநாடிக்கு 25 படம், திரையரங்கு பொதுவாக 24. அப்படியே மாற்றினால் 4 விழுக்காடு மெதுவாகும், குரலும் சற்று இறங்கிவிடும். ஒலியைத் தனியாகத் திருத்த வேண்டும். பழைய நாடா 720க்கு 576 புள்ளி, திரையரங்குக்குக் கொடுக்கும் கோப்போ 1998க்கு 1080. முழுத்திரையில் பெரிதாக்கினால் கூழாகிவிடும். கதைக்குள் ஒரு டிவிப் பெட்டியில் ஓடுவதாகக் காட்டுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கேள்வி: தொடரின் ஸ்கிரிப்டை நான் எழுதினேன். படமாக்கும் உரிமை எனக்கா, தொலைக்காட்சி ஒளிவழிக்கா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், பதில் அதில்தான் இருக்கிறது. நீங்கள் மாதச் சம்பள ஊழியராக இருந்து, அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். தனிப்பட்ட முறையில் எழுதிக்கொடுத்திருந்தால், எழுத்துமூலம் கையெழுத்திட்டு உரிமையை மாற்றிக்கொடுக்காத வரை ஸ்கிரிப்ட் உங்களுடையது. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த மாற்றும் வரி இருக்கும். எடுத்து முடித்த எபிசோடுகளின் உரிமை வேறு விஷயம். 21 நவம்பர் 2021இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்ததற்கு முன், காசு கொடுத்துப் படப்பதிவு செய்யச் சொன்னவருக்கே அது சொந்தம் என்பது வழக்கமான நிலை. அதற்குப் பிறகு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் உருவாக்கியவருக்கு. உங்கள் தொடர் எந்தப் பக்கம் என்று தேதி பாருங்கள். டைட்டில் பாட்டை மறக்காதீர்கள்: இசை, வரிகள், ஒலிப்பதிவு மூன்றுக்கும் மூன்று பேரிடம் போக வேண்டியிருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், அம்மா.

கேள்வி: 250,000 வெள்ளியில் எடுத்தால் திரும்பக் கிடைக்குமா?
(தெம்பனிஸ் வாசகர்)

டிக்கெட் 14 வெள்ளி என்று வையுங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி போனால் 12.84. திரையரங்கோடு பாதிக்குப் பாதி என்றால் உங்களுக்கு 6.42. போட்ட காசை எடுக்கவே சுமார் 39,000 பேர் வர வேண்டும், விளம்பரச் செலவு தனி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு, அதாவது ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கை. அவர்களில் பத்துக்கு நாலு பேரை உட்காரவைப்பது எந்தப் படத்துக்கும் லேசான காரியமில்லை.

இந்தக் கணக்கெடுப்பில் சேராத வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, ஆகவே ஞாயிறு மாலைக் காட்சிகளைக் கேட்டு வாங்குங்கள். அக்கரையில் ஜொகூர், கோலாலம்பூர் இருக்கின்றன. மலேசியத் தணிக்கை வேறு என்பதால் கதை எழுதும்போதே அதையும் நினைவில் வையுங்கள். இங்கே தணிக்கையில் பிஜி13 (13 வயதுக்குக் கீழ் பெற்றோர் வழிகாட்டல்) வந்தால் குடும்பத்தோடு வருவார்கள், என்சி16 (16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை) ஆனால் பிள்ளைகளோடு பெற்றோரும் போய்விடுவார்கள்; ஒரே ஒரு கெட்ட வார்த்தைக்காக அந்தக் கூட்டத்தை இழக்க வேண்டாம். இந்த மூன்று வழியும் அடைபட்டால், 70 நிமிட டெலிமூவியாக ஒளிவழிக்கு எடுத்துக்கொடுப்பதே எங்கள் யோசனை.

கேள்வி: ஆங்கில வசன வரி போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?
(பொங்கோல் வாசகி)

இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 40 எழுத்துக்குள் அடக்குங்கள். முக்கியமாக, நகைச்சுவையின் கடைசிச் சொல் திரையில் முன்னதாக வந்துவிடக் கூடாது. படித்தவர் முதலில் சிரித்து, நடிகர் சொல்லும்போது அரங்கு அடங்கியிருக்கும். வசனத்தை இரண்டாக உடைத்து, பின்பாதியை நடிகர் வாய் திறக்கும் அதே நொடியில் போடுங்கள். தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசும் இடங்களில் ஆங்கிலச் சொற்களுக்கும் வரி போட்டாக வேண்டும். பாதி வசனத்துக்கு வரி இல்லையென்றால் தமிழ் தெரியாதவர் எதையோ தவறவிட்டதாக நினைத்துப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தொடங்குவார்.